லாசிக் முடிந்த பிறகு: முதல் இரவிலிருந்து முதுமை வரை கண்ணைப் பார்த்துக்கொள்ளும் வழி

கண்ணாடி இல்லாமல் பார்க்க வைக்கும் லேசர் சிகிச்சையான லாசிக்கைச் செய்துகொள்ளப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது மூன்றே கேள்விகள்தான்: வலிக்குமா, எவ்வளவு ஆகும், எந்த மெஷின் நல்லது? முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. லேசர் கண்ணில் வேலை செய்வது சில விநாடிகள். உள்ளே போய் வெளியே வர அரை மணி நேரம் ஆனாலே அதிகம். அதன்பின் உள்ள வேலை முழுக்க நம் கையில் இருக்கிறது, அது மாதக்கணக்கில் நீளும் வேலை.

எனக்கு ஆறாம் வகுப்பிலேயே கண்ணாடி வந்துவிட்டது. 27 வயதில் இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5. ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, நாள் முழுக்கக் கணினித் திரை. லாசிக் செய்து ஆறு வருடம் ஆகிறது. என் தம்பிக்குக் கருவிழி மெல்லியது என்பதால் லாசிக் வேண்டாம் என்று சொல்லி பி.ஆர்.கே. என்ற வேறு லேசர் சிகிச்சையைச் செய்தார்கள். எங்கள் இருவர் அனுபவத்தையும், ஒவ்வொரு பரிசோதனையிலும் டாக்டர்களைக் குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு வேறு மாதிரி சொன்னால் சீட்டு சொல்வதையே கேளுங்கள்.

முதலில், கண்ணில் நடந்தது என்ன?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் சொல்லும் கட்டுப்பாடுகள் எதுவும் பாரமாகத் தெரியாது. கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தின் கனம் அரை மில்லிமீட்டர்தான். எனக்கு 530 மைக்ரான், அதாவது 0.53 மில்லிமீட்டர். அதன் மேலடுக்கில் ஏறத்தாழ 110 மைக்ரான் கனத்துக்கு ஒரு மூடியை வெட்டி, புத்தக அட்டையைத் திருப்புவது போல ஒரு பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். அடியில் உள்ள திசுவை லேசர் செதுக்கும். 6.5 மில்லிமீட்டர் பரப்பில் ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் கணக்கு. என் பவருக்கு 77 மைக்ரான் போயிற்று. மூடியையும் கழித்தால் மிச்சம் 343. இந்த மிச்சம் 250-க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய விதி. இப்போது பல டாக்டர்கள் 300-ஐயே எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

செதுக்கி முடித்ததும் மூடியைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள். தையல் கிடையாது, பசை கிடையாது. முதலில் உள்ளிழுவிசையால் ஒட்டி நிற்கும். ஒரு நாளில் ஓரத்தைச் சுற்றி மேல்தோல் வளர்ந்து மூடும். ஆனால் பழைய பலம் அந்த இடத்துக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. பலமாக அடிபட்டால் வருடங்கள் கழித்துக்கூட மூடி நகரலாம். கண்ணைக் கசக்காதே என்று இத்தனை முறை சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பி.ஆர்.கே.யில் மூடி வெட்டுவதில்லை. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குவார்கள். தோல் திரும்ப வளரும்வரை வலி உண்டு, ஆனால் பிற்காலத்தில் நகர்வதற்கு அங்கே எதுவும் இல்லை. ஸ்மைல் என்ற மூன்றாவது லேசர் முறையில் சிறிய கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுக்கிறார்கள்.

லாசிக், பி.ஆர்.கே. இரண்டுக்கும் ஆதாரமான லேசரின் கதையில் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தார். 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துவந்து, புற ஊதா ஒளியால் வேலை செய்யும் எக்ஸைமர் லேசரின் கீழ் வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த திசு கருகாமல், லேசர் பட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருந்தது. அந்தக் கண்டுபிடிப்புதான் பிறகு கண்ணுக்கு வந்தது.

போவதற்கு முன்பே வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், அடுத்த ஒரு வாரம் நினைத்தபடி குளிக்க முடியாது. தலையணை உறை, போர்வை, துண்டு எல்லாம் துவைத்ததாக இருக்கட்டும். சொட்டு மருந்துகளை முதல் நாளே வாங்கி, பாட்டில் மூடியின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெரிதாக எழுதி வையுங்கள். அன்று மாலை சிறிய எழுத்தைப் படிக்க முடியாது. கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரலாம் என்று நினைக்காதீர்கள், காரோ ஆட்டோவோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முதல் நாள்

மரத்துப்போக விட்ட சொட்டின் வேகம் அரை மணி, முக்கால் மணியில் இறங்கும். அதற்குப் பிறகு நாலைந்து மணி நேரம் எரிச்சல், மண் விழுந்தது போன்ற உறுத்தல், தாரை தாரையாக நீர், வெளிச்சம் பட்டால் கூச்சம். எனக்குக் காரில் வரும்போதே ஆரம்பித்துவிட்டது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. டாக்டர் சொன்ன வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அறையை இருட்டாக்கிவிட்டுத் தூங்குங்கள். அன்று கண்ணுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி தூக்கம்தான். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

தூங்கும்போது ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கண்ணுக்கு மேல் வைத்து டேப் ஒட்டச் சொல்வார்கள். அசௌகரியம்தான். மூன்றாம் நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் என் கை தானாகக் கண்ணைத் தேய்க்கப் போயிருக்கிறது. விரல் பிளாஸ்டிக்கில் இடித்த சத்தத்தில்தான் விழித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த மூடி மட்டும் இல்லாவிட்டால் என் விரல் நேராகக் கண்ணில்தான் இருந்திருக்கும். அதன் பிறகு ஒரு வாரத்தில் ஓர் இரவுகூட அதைத் தவிர்க்கவில்லை. பகல் தூக்கத்துக்கும் அது வேண்டும்.

மறுநாள் காலை எழுந்ததும் பழக்கத்தில் கை தலையணைக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் தேடும். எதிர்ச் சுவரில் தினசரி காலண்டரின் தேதி மட்டுமல்லாமல் அதற்குக் கீழே இருக்கும் ராகு காலம் வரை தெரிந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அம்மா அழுதுவிட்டார். அந்த மகிழ்ச்சியை அனுபவியுங்கள். ஆனால் பார்வை வந்துவிட்டதென்று கண் ஆறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்க் கருவிழியில் வெட்டிய மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். நன்றாகத் தெரிகிறதே என்று முதல் நாள் பரிசோதனையைத் தவிர்ப்பது மிகப் பெரிய தவறு.

சொட்டு மருந்து: இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்

வழக்கமாக மூன்று பாட்டில்கள் தருவார்கள். கிருமி வராமல் தடுக்க ஓர் ஆன்டிபயாட்டிக், பெரும்பாலும் ஒரு வாரம், நாளுக்கு நான்கு முறை. அழற்சி அடங்க ஒரு ஸ்டீராய்டு, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. மூன்றாவது, செயற்கைக் கண்ணீர். இது மாதக்கணக்கில் தொடரும்.

விடும் முறை இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துண்டில் துடையுங்கள். பாட்டிலில் குலுக்கவும் என்று போட்டிருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். தலையை அண்ணாந்து, கன்னத்து எலும்பின் மேல் விரலை வைத்துக் கீழிமையை மெல்லக் கீழே இழுங்கள். கண் உருண்டையை அழுத்தவே கூடாது. அங்கே ஒரு சிறிய பை போலத் திறக்கும். சொட்டு அதற்குள் விழ வேண்டும், கருவிழியின் மேல் அல்ல. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ பட்டுவிடக் கூடாது. விட்டதும் கண்ணை மென்மையாக ஒரு நிமிடம் மூடியிருந்து, மூக்கோரத்து மூலையை விரலால் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும், கண்ணுக்கும் பயன்படாது.

ஒரு சொட்டு போதும். கண் தாங்குவதைவிட ஒரு சொட்டே அதிகம், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி கொடுங்கள். சேர்த்து விட்டால் பின்னது முன்னதைக் கழுவித் தள்ளிவிடும். திறந்த பாட்டிலின் மேல் தேதி எழுதி, பாட்டிலில் வேறு கெடு போடாவிட்டால் ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள். செயற்கைக் கண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வைத்துக்கொண்டால் ஒரு நன்மை உண்டு: ஜில்லென்று படுவதால் உள்ளே விழுந்ததா இல்லையா என்று சந்தேகமே வராது. நாளுக்குப் பல முறை விடுகிறவர்கள் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் கண் புண்ணாகாது.

ஸ்டீராய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, நீங்களாகத் தொடரவும் கூடாது. போட்டால் சிவப்பு மறைகிறது, இதமாக இருக்கிறது என்று மருந்துக் கடையில் திரும்பத் திரும்ப வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. சிலருக்கு அது கண் அழுத்தத்தைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும், பார்வை நரம்பு கெட்ட பிறகுதான் தெரியவரும். பி.ஆர்.கே. செய்தவர்கள் இதை நீண்ட காலம் போட வேண்டியிருப்பதால் இடையிடையே அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம், நம் வீட்டுச் சூழலில்

மருத்துவமனையில் கொடுக்கும் அச்சடித்த தாளில் நீச்சல் வேண்டாம், மேக்கப் வேண்டாம் என்று இருக்கும். நம் வீடுகளில் ஆபத்து வருவது வேறு வழிகளில்.

குழாய்த் தண்ணீர் கண்ணில் படக்கூடாது. கழுத்துக்குக் கீழே குளியுங்கள். முகத்தை ஈரத்துணியால், கண்ணை விட்டுவிட்டுத் துடையுங்கள். தலைக்குக் குளித்தே ஆக வேண்டும் என்றால் நாற்காலியில் சாய்ந்து தலையைப் பின்னால் தொங்கவிட்டு, வேறு ஒருவர் அலசிவிடட்டும். சீயக்காயும் எண்ணெய்க் குளியலும் ஒரு மாதம் காத்திருக்கலாம்.

கோயிலுக்குப் போனால் திருநீறை நெற்றியில் அள்ளிப் பூசாதீர்கள், உதிர்வது நேராக இமையில் விழும். கண் மை, ஐலைனர் இரண்டு வாரத்துக்கு வேண்டாம், பழைய மையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். மிளகாய் தாளிக்கும் நெடி, சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி இவற்றின் பக்கமே போகாதீர்கள். நெடியால் கண்ணீர் வருவது பிரச்சினை இல்லை. அதைத் துடைக்கப் போகும் கைதான் பிரச்சினை.

சிறு குழந்தை இருக்கும் வீடு என்றால் முதல் இரண்டு வாரம் தனியாகப் படுங்கள். தூக்கத்தில் குழந்தையின் விரல் நகம் கண்ணில் பட்டால் போதும், மூடி நகர்ந்துவிடும். இதைச் சொல்லும்போது பல தாய்மார்களின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். மடியில் வைத்துக் கொஞ்சலாம், கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்சுங்கள். பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடி ஒன்று அந்த வாரங்களில் பெரிய பாதுகாப்பு.

இருசக்கர வண்டி ஓட்டுவதை டாக்டர் பார்வையைச் சோதித்து அனுமதித்த பிறகே தொடங்குங்கள். அப்போதும் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். இத்தனை வருடம் மூக்கின் மேல் இருந்த கண்ணாடிதான் சாயங்காலப் பூச்சியையும் லாரி கிளப்பும் புழுதியையும் தடுத்துக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிகிறது.

மற்றவை சுருக்கமாக: நடைப்பயிற்சி இரண்டு மூன்று நாளில், ஜிம் ஒரு வாரம் கழித்து, நீச்சல் ஒரு மாதம் கழித்து. கபடி, பந்து பலமாக வரும் விளையாட்டுகள், சிலம்பம் போன்றவற்றுக்கு டாக்டரின் அனுமதியும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

பி.ஆர்.கே. செய்தவர்களுக்கு

என் தம்பி மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கண்ணில் கட்டுப் போல ஒரு மெல்லிய லென்ஸ் வைத்து அனுப்புவார்கள். தோல் மூடும்வரை, அதாவது மூன்று முதல் ஐந்து நாள், அது இருக்கும். அதை நீங்களாக எடுக்கக் கூடாது. பார்வை தெளிய வாரங்கள் ஆகும். அவன் இரண்டாம் வாரம் முழுக்க "அக்கா, உனக்கு மறுநாளே தெரிஞ்சுதே, எனக்கு மட்டும் ஏன் தெரியல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாம் மாதம் எனக்கும் அவனுக்கும் வித்தியாசமே இல்லை. வெயிலில் போகும்போது புற ஊதா ஒளியைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியைப் பல மாதம் தவறாமல் போட வேண்டும், இல்லாவிட்டால் கருவிழியில் மங்கலான படலம் விழும் வாய்ப்பு கூடும்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்

குறைந்துவந்த வலி மறுபடி கூடினால், தெளிவாக இருந்த பார்வை திடீரென மங்கினால், சிவப்பு அதிகமானால், பீளை தள்ளினால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் போனால், கண்ணில் அடி பட்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம். முதல் சில நாட்களில் மூடிக்கு அடியில் அழற்சி வரலாம், கிருமி தொற்றலாம், மூடியில் சுருக்கம் விழலாம். மூன்றுமே உடனே பார்த்தால் சரிசெய்யக்கூடியவை. இரவு எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு, வீட்டில் மற்றொருவர் போனிலும் பதிந்து வையுங்கள்.

ஒன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை: வறட்சியும் இரவு வெளிச்சமும்

கருவிழியின் மெல்லிய நரம்புகள் வெட்டுப்பட்டிருக்கும். கண் காய்கிறது, கண்ணீர் சுரக்க வேண்டும் என்று தகவல் சொல்வது அந்த நரம்புகள்தான். அவை திரும்ப வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். அதுவரை கண் காய்ந்தாலும் நமக்குச் சில சமயம் உறைக்காது. பார்வை மங்குவதுதான் அடையாளம்.

நான் செய்த தவறை இங்கே சொல்கிறேன். மூன்றாம் வாரமே கண் நன்றாக இருந்ததால் செயற்கைக் கண்ணீரை நிறுத்திவிட்டேன். அது மார்ச் மாதம், அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நேரம், பத்து மணி நேரம் ஏசியில் திரை. சாயங்காலம் நான்கு மணியானால் எக்செல் கட்டங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பவர் திரும்ப வந்துவிட்டது என்று ஓர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. பரிசோதித்த டாக்டர் பவர் பூஜ்யம் என்றார், கண் மட்டும் பாலைவனம் போலக் காய்ந்து கிடக்கிறது என்றார். சொட்டு மருந்தை மீண்டும் தொடங்கி இரண்டு வாரத்தில் சரியானது. கண் நன்றாக இருக்கிறதோ இல்லையோ, சொன்ன நாள் வரை மணிக்கணக்குப்படி விடுங்கள்.

திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 விநாடி பாருங்கள். அப்போது இமை முழுதாக மூடித் திறக்கும்படி பத்து முறை சிமிட்டுங்கள். திரை கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருந்தால் இமை பாதி மூடியிருக்கும், ஈரம் நிற்கும். மின்விசிறியும் ஏசியும் முகத்துக்கு நேராக அடிக்கக் கூடாது.

இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம், கதிர் கதிராகச் சிதறல் தெரியும். எதிரே வரும் லாரியின் ஹைபீம் முதல் மாதங்களில் கண்ணைக் குருடாக்கும் அளவுக்கு இருக்கும். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் இது அடங்கிவிடுகிறது. அதுவரை இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இந்த மாதங்களில் பார்வை ஒரு நாள் கூர்மையாகவும் மறுநாள் சற்று மங்கலாகவும் இருப்பது இயல்பு. ஒவ்வொரு காலையும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று சொன்ன தேதிகளில் போனால் போதும். சிறிது பவர் மிஞ்சினால் அது நிலையாகும்வரை, குறைந்தது மூன்று மாதமாவது, காத்திருந்த பிறகுதான் மறுபடி லேசர் செய்வது பற்றிப் பேசுவார்கள். கருவிழியில் அதற்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வருடங்கள் போன பிறகு

லேசர் மாற்றியது கருவிழியின் வளைவை மட்டும்தான். கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கிறது, உள்ளே இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே. வருடம் ஒருமுறை மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, திடீரெனக் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தாலோ அன்றே போக வேண்டும். விழித்திரை விலகலின் அறிகுறிகள் அவை.

மெலிந்த கருவிழியில் கண் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் கிளகோமா நோய் இருந்தும் தவறிப்போக இதுவே போதும். எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் "லாசிக் செய்திருக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து உங்களுக்கும் வரும். லாசிக் தோற்றுவிட்டது என்று பொருளில்லை, கண்ணுக்குள் இருக்கும் வில்லைக்கு வயதாகிறது. இன்னும் பின்னால் கண்புரை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட வேண்டும். செதுக்கிய கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகும், அதனால் சிறப்புச் சூத்திரங்கள் தேவை. அன்று மிகவும் கைகொடுப்பது லாசிக்கிற்கு முந்தைய பவர், கருவிழி வளைவின் அளவுகள், கனம், செய்த தேதி எல்லாம் உள்ள காகிதங்கள். எனக்கு அறுவை செய்த இடத்தில் அவற்றைத் தாமாகத் தரவில்லை. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டுத்தான் வாங்கினேன். நீங்களும் கேட்டு வாங்கி, சொத்துப் பத்திரம் இருக்கும் அலமாரியில் ஒரு பிரதியும், போனில் ஒரு படமும் வையுங்கள்.

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் போன்ற வேலைகளுக்கு முயல்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: லாசிக் செய்தவர்களுக்கு அந்தப் பணிக்குத் தகுதியில்லை. கண்ணாடியைக் கழற்றினால் வேலை கிடைக்கும் என்று நம்பிச் செய்துகொண்டு ஏமாந்தவர்களைத் தெரியும். அறிவிக்கையின் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கண்தானம் செய்யலாமா என்று என் அத்தை கேட்டார். செய்யலாம். செதுக்கிய கருவிழியை முழுக் கனத்துடன் பொருத்த முடியாது, ஆனால் அதன் உள்ளடுக்கு பழுதாகாமல் இருக்கும். உள்ளடுக்கை மட்டும் மாற்றும் அறுவை சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்த முடியும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும் என்பதால் உடனே கண் வங்கிக்குத் தகவல் போக வேண்டும், வருகிறவர்களிடம் லாசிக் செய்த கண் என்று வீட்டார் சொல்ல வேண்டும். நான் அந்தக் காகிதங்களின் மேலேயே இதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.